பேனல் செய்யச் சலுகை உண்டு, வாங்க இல்லை

தூய எரிசக்தி வரிச்சலுகை நீக்கம் குறித்து எங்கள் நிலைப்பாடு

2022 ஆகஸ்டில் பைடன் கையெழுத்திட்ட சட்டம் தந்த தூய எரிசக்தி வரிச்சலுகைகளில் பெரும்பகுதியை, 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் எடுத்துவிட்டது. ஜார்ஜியாவில் குடியிருந்து, வேலை பார்த்து, இங்கேயே வாக்களிக்கும் தமிழர்களின் அமைப்பு எங்களுடையது. பறிபோனவற்றில் வாங்குவோருக்கான சலுகைகளை நாடாளுமன்றம் மீட்டுத் தர வேண்டும் என்று கோருகிறோம். அவை ஆண்டுக்காண்டு குறைந்து, முன்கூட்டியே அறிவித்த தேதியில் முடியட்டும். காலாகாலத்துக்கும் நீளும் மானியத்தை நாங்கள் கேட்கவில்லை.

சட்டம் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வெட்டவில்லை. அதனால்தான் இதில் குழப்பம். உள்நாட்டில் தயாராகும் சோலார் பேனலுக்கு வாட்டுக்கு 7 சென்ட், செல்லுக்கு 4 சென்ட் என உற்பத்தியாளர் பெறும் சலுகை, சீனத் தொடர்பு பற்றிய புதுக் கெடுபிடிகளோடு, இன்னும் சில ஆண்டுகள் தொடரும். 400 வாட் பேனல் ஒன்றைச் செல்லோடு சேர்த்து இங்கே செய்தால் 44 டாலர். ஆனால் அந்தப் பேனலைக் கூரையில் மாட்டுபவருக்குச் செலவில் 30 சதவீதத்தைக் கழித்துத் தந்த சலுகை 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. 20,000 டாலர் செலவழித்திருந்தால் 6,000 டாலர். சாதாரணக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. புது மின்சாரக் காருக்கான 7,500 டாலர் அதற்கும் முன்பே, செப்டம்பர் 30-இல் நின்றது. சலுகை பெற, பெரிய சூரிய, காற்றாலைத் திட்டங்கள் 2026 ஜூலை 4-க்குள் கட்டுமானத்தைத் தொடங்கியிருக்க வேண்டும். இல்லையேல் 2027 முடிவதற்குள் மின்சாரம் தரத் தொடங்க வேண்டும்.

அதாவது, கடைக்காரருக்கு வாடகையைக் குறைத்துவிட்டு, வாடிக்கையாளர் வரும் தெருவை அடைத்திருக்கிறார்கள்.

இந்த மாநிலத்துக்கு இது வெறும் கொள்கைச் சண்டை அல்ல. கம்பளத் தொழிலுக்குப் பேர்போன டால்டனில் கியூசெல்ஸ் நிறுவனம் 2019 முதல் பேனல் செய்கிறது. 2023 ஜனவரியில், கார்ட்டர்ஸ்வில்லில் புது ஆலை உட்பட, மேலும் 250 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது. சிலிக்கானை உருக்கிக் கட்டியாக்குவது, அதை மெல்லிய தகடாக அறுப்பது, தகட்டைச் செல்லாக்குவது, செல்களைக் கோத்துப் பேனலாக்குவது என நான்கு வேலையும் ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்பது திட்டம்.

இழந்ததையெல்லாம் நீக்கத்தின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. 2025 நவம்பரில் கியூசெல்ஸ் சுமார் 1,000 பேரின் வேலை நேரத்தையும் சம்பளத்தையும் தற்காலிகமாகக் குறைத்தது. சுங்கத்துறை உதிரிப் பொருட்களைத் தடுத்து வைத்ததுதான் அதற்குக் காரணம். கொவீட்டா கவுண்டியில் வரவிருந்த ஃப்ரேயர் பேட்டரி ஆலை அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டது. அந்த நிறுவனம் அதற்குள் டெக்சாஸில் ஒரு சோலார் ஆலையை வாங்கி அப்பக்கம் திரும்பியிருந்தது. பிரையன் கவுண்டியின் ஹூண்டாய் மின்சாரக் கார் ஆலையும் பைடன் சட்டத்துக்கு மூன்று மாதம் முன்பே அறிவிக்கப்பட்டதுதான். ஆனால் இந்த ஆலைகளெல்லாம் நாளை யாரிடம் விற்கப்போகின்றன என்ற கேள்விக்கு நீக்கம்தான் பொறுப்பு. ஆர்டர் குறைந்தால் முதலில் போவது இரண்டாம் ஷிப்ட்.

அரசியலுக்கு வருவோம். குடியரசுக் கட்சித் தொகுதிகளில் ஆலைகள் எழுந்துவிட்டால் சட்டத்தை யாரும் தொட மாட்டார்கள் என்று 2022-இல் பலர் நம்பினார்கள். 2024 ஆகஸ்டில் அக்கட்சியின் பிரதிநிதிகள் 18 பேர், சலுகைகளை அவசரப்பட்டு நீக்காதீர்கள் என்று சபாநாயகர் மைக் ஜான்சனுக்குக் கடிதமும் எழுதினார்கள். ஹூண்டாய் ஆலை இருக்கும் தொகுதியின் பட்டி கார்ட்டர் அதில் ஒருவர். அடுத்த ஜூலையில், 218-214 என்ற இழுபறி வாக்கெடுப்பில், ஜார்ஜியாவின் குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகள் ஒருவர் விடாமல் நீக்கத்தை ஆதரித்தே வாக்களித்தார்கள், கார்ட்டர் உட்பட. செனட்டிலோ 50-50 என்று நின்று, துணை அதிபர் வான்ஸின் வாக்கில்தான் நிறைவேறியது. இரு சபையிலும் ஓரிருவர் மாறியிருந்தால் கணக்கே வேறு.

ஏன் மாறவில்லை? உட்கட்சித் தேர்தலில் டிரம்பின் கோபத்துக்கு ஆளாவதைவிட, ஆலைத் தொழிலாளியின் கோபத்துக்கு ஆளாவது அவர்களுக்குப் பாதுகாப்பானது. சம்பளச் சீட்டில் வரிச்சலுகை என்று ஒரு வரி இருப்பதில்லை. ஆலையைக் கொண்டுவந்த பெருமை ஆளுநருக்கும், மூடினால் பழி நிறுவனத்துக்கும் போய்விடுகிறது. வாஷிங்டன் சந்தையில் தலையிடக் கூடாது என்று சொல்லும் ஆளுநர் கெம்ப்பின் அரசும் உள்ளூர் நிர்வாகங்களும் ஹூண்டாய்க்கு ஒதுக்கிய சலுகை 180 கோடி டாலர் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறோம்.

ஆனால் மின்கட்டண பில் மாதாமாதம் வீட்டுக்கு வருகிறது. 2025 நவம்பரில் மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் மாநிலப் பொதுச் சேவை ஆணையத்தின் இரண்டு இடங்களை ஜனநாயகக் கட்சியின் அலிசியா ஜான்சனும் பீட்டர் ஹப்பர்டும் பெரும் வித்தியாசத்தில் பிடித்தது, ஏறிய கட்டணத்தின் மீதான கோபத்தில்தான். கட்டணம் ஏறியதற்கு வோக்டில் அணு உலைச் செலவு உட்படப் பல காரணங்கள் உண்டு. எனினும், தரவு மையங்கள் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும் நேரத்தில், விரைவாகக் கட்டக்கூடிய சூரிய மின்நிலையங்களின் செலவை ஏற்றுவது எங்களுக்குப் புரியாத கணக்கு.

இனி எங்களிடம் வாக்கு கேட்டு வரும் வேட்பாளர்களிடம், எந்தக் கட்சியானாலும், வாங்குவோர் சலுகையை மீட்க வாக்களிப்பீர்களா என்று எழுத்தில் கேட்போம். வரும் பதிலை ஒரு சொல் மாற்றாமல் உறுப்பினர்களுக்கு அனுப்புவோம். பதில் தராதவரின் பெயருக்கு எதிரே இடத்தைக் காலியாக விட்டு அனுப்புவோம்.