எழுத்துக்கு எழுத்து மெய்

"சிரித்துச் சிரித்து லிட்டரலி செத்தே போனேன்" என்று நம் பிள்ளைகள் பேசக் கேட்கும்போதெல்லாம், இக்காலத்தவர் ஒரு நல்ல ஆங்கிலச் சொல்லைப் பாழாக்கிவிட்டார்கள் என்று வருந்தும் பெரியோர் பலர் உளர். அவர்களுடைய வருத்தம் எனக்கும் உண்டெனினும், அவர்கள் கூறும் காரணத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

எழுத்து என்று பொருள்படும் 'லிட்டெரா' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்த இந்த வினையடை, அட்சரம் பிசகாமல், உள்ளது உள்ளபடி என்னும் அர்த்தத்தையே ஆதியில் தாங்கி நின்றது. வேதாகம வாக்கியங்களில் நேர்ப்பொருள் இது, உட்பொருள் இது என்று பகுத்து வியாக்கியானம் செய்த கிறிஸ்தவப் பண்டிதர்களுக்கு அந்தப் பேதம் உயிர்நிலையாக இருந்தது. ஆயினும், 1769இல் வெளிவந்த பிரான்சிஸ் புரூக் அம்மையாரின் நாவலிலேயே இச்சொல் வெறும் அழுத்தத்திற்காகப் பிரயோகமாகிவிட்டது. டிக்கன்ஸும் மார்க் ட்வெயினும் அவ்வாறே ஆண்டனர். 1914இல் நூலுருப் பெற்ற தம் சிறுகதையொன்றின் முதல் வாக்கியத்திலேயே ஜேம்ஸ் ஜாய்ஸ், விருந்தினரை வரவேற்று ஓடிக் களைத்த லில்லி என்ற பணிப்பெண்ணின் நிலையை இச்சொல்லால் உரைக்கிறார். ஆசிரியரின் நடைக்குள் அந்தப் பெண்ணின் பேச்சே புகுந்துகொள்ளும் அந்த அழகை நான் எத்தனை முறை வியந்திருக்கிறேன்! 1926இல் இலக்கணப் புலவர் பௌலர் இந்த வழக்கைக் கண்டித்தார்; ஆக்ஸ்போர்டு அகராதி இதைப் பதிவு செய்திருப்பது 2013இல் பேச்சானபோது பத்திரிகைகளில் பெருத்த ஆரவாரம் எழுந்தது.

சொல் நேர்மாறான பொருளை ஏற்றுவிட்டது என்பது அன்றைய ஆக்ஷேபம். அது சரியன்று. செத்தேன் என்பவன் தன் கூற்று உருவகம் என்று அறிவிக்க வரவில்லை. மெய்யின் பெயரைச் சொல்லித் தன் பேச்சுக்கு வலுத் தேடுகிறான். இன்று 'மிகவும்' என்று நாம் கொள்ளும் 'வெரி' என்பதும், சத்தியம் என்னும் பொருளுடைய 'வேருஸ்' என்ற லத்தீன் மூலத்தினின்று பழைய பிரெஞ்சு வழியாக வந்து, சாசரின் காலத்தில் 'மெய்யான' என்று வழங்கி, பின்னரே இந்நிலை எய்தியது. நாமுந்தான் எதற்கெடுத்தாலும் 'சத்தியமாக' என்கிறோம்.

என் குறை வேறு. புயலடித்த மறுநாள் ஒருவன், "எங்கள் வீட்டுக் கூரை லிட்டரலி பறந்துபோயிற்று" என்று சொன்னால், கேட்பவன் அனுதாபத்தோடு தலையசைத்துவிட்டு, "நல்ல காற்றுதான்" என்று நகர்கிறான். அந்த ஏழை அவனைக் கைப்பிடித்து இழுத்துவந்து, ஓடு ஒன்றுகூட மிஞ்சாத சுவர்களைக் காட்ட வேண்டியிருக்கிறது.