மூன்று கதைகளும் ஒரு தெருவும்

தோழர்களே, திருமுருகன்பூண்டிக் கோயிலின் தலக்கதையை நம் பகுதியில் கேட்காதவர்கள் குறைவு. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னும் பொருளுமாக சுந்தரர் இந்த வழியே வருகிறார். சிவன் தன் பூதகணங்களை வேடர்களாக மாற்றி அனுப்பி, அத்தனையையும் பறித்துக்கொள்கிறார். சுந்தரர் பதிகம் பாட, பறிபோனது திரும்பக் கிடைக்கிறது.

நாம் கேட்பது ஒன்றுதான். பறிக்கச் சொன்னது கடவுள். பறித்தது கடவுளின் ஆட்கள். பிறகு வேடர் உருவம் எதற்கு? வழிப்பறி என்றால் காட்டில் வாழ்பவனின் முகம்தான் பொருந்தும் என்று கதை சொன்னவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். நூற்றாண்டுகளாக நாமும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த கதை மாரியம்மனுடையது. கொங்கு ஊர்களில் பூச்சாட்டு முடிந்ததும் அம்மன் கோயில் முன் மூன்று கிளையுள்ள கம்பம் நடுவார்கள். பெண்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரவில் அதைச் சுற்றி ஆட்டம் நடக்கும். அந்தக் கம்பம்தான் அம்மனின் கணவன் என்பது நம்பிக்கை. மாவிளக்கு, பொங்கல் எல்லாம் முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விடுவார்கள்.

தென்னிந்தியாவின் பல ஊர்களில் அம்மனின் கணவனைப் பற்றிச் சொல்லப்படும் கதை இது. 'கீழ்ச்சாதி' இளைஞன் ஒருவன் பிராமணன் என்று பொய் சொல்லி ஒரு பிராமணப் பெண்ணை மணக்கிறான். உண்மை தெரிந்ததும் அவள் கொதித்தெழுந்து தெய்வமாகிறாள். அவன் எருமையாகப் பிறந்து திருவிழாதோறும் வெட்டுப்பட வேண்டும் என்று ஆகிறது. சாதி தாண்டி மணந்தவனுக்குத் தண்டனை மரணம். அதுவும் ஒருமுறை அல்ல, ஆண்டுதோறும்.

இது வெறும் கதைதானே என்பவர்களுக்கு உடுமலைப்பேட்டையை நினைவூட்டுகிறோம். 2016 மார்ச் 13 அன்று, பட்டப்பகலில், பேருந்து நிலையம் அருகே, சாதி மறுத்து மணந்ததற்காக சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கூட இருந்த கௌசல்யா படுகாயத்தோடு உயிர் பிழைத்தார். கொலை செய்தவர்கள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வந்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் கொலைக்குப் பின்னும் 'பெற்றவர்களின் மானம்' என்று பேச நம் மாவட்டத்திலேயே ஆள் இருந்ததே, அந்த மனதைப் பற்றித்தான் சொல்கிறோம். இப்படிப்பட்ட கதைகளும் சேர்ந்துதான் அந்த மனதை வளர்த்தன.

மூன்றாவது கதைக்கு வயது குறைவு. மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில் கம்பள நாயக்கன் தெரு என்று ஒரு தெரு. அதில் தலித்துகள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்பது வழக்கம். விடுதலைக்குப் பிறகு தீண்டாமை சட்டப்படி குற்றமானது. வெளிப்படையாகத் தடுக்க முடியாது. எனவே ஒரு கதை வந்தது. தெருவுக்கு அடியில் செய்வினைப் பொம்மை புதைத்திருக்கிறது, செருப்போடு நடக்கும் தலித் மூன்று மாதத்தில் செத்துப்போவான் என்று. நம் பெரியவர்களில் சிலர் அதை நம்பவும் செய்தார்கள்.

2023 டிசம்பர் 24 அன்று அறுபது பேர் செருப்பணிந்து அந்தத் தெருவில் நடந்தார்கள். அதுவரை தங்களுக்கு மறுக்கப்பட்டிருந்த ராஜகாளியம்மன் கோயிலுக்கும் போனார்கள். தலைமுறைகளாகக் காவல் நின்ற பொம்மையின் பயம் ஒரே மாலையில் கலைந்தது.

"நமக்கு எதற்குக் கோயில்? சாமியே வேண்டாம் என்பவர்கள் நாம்" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. 1930இல் நாசிக் காலாராம் கோயில் போராட்டத்தைத் தொடங்கிய அம்பேத்கரே பின்னர் இந்து மதத்தை விட்டு வெளியேறினார். ஆனால் அம்மன் கோயில் வெறும் கோயில் அல்ல. ஊருக்குள் யார், ஊருக்கு வெளியே யார் என்று ஆண்டுக்கொரு முறை கணக்கெடுக்கும் இடம் அது. தலைக்கட்டு வரி யாரிடம் வாங்குகிறார்களோ அவர்கள்தான் ஊர். நம்மிடம் பறையடிக்க ஆள் கேட்டு வருவார்கள். வரி கேட்டு வரமாட்டார்கள். வரி வாங்கினால் முதல் மரியாதையிலும் திருவிழாக் கணக்கிலும் நாம் கேள்வி கேட்போம் அல்லவா? சாமி கும்பிடுவதும் கும்பிடாததும் நம் விருப்பம். வாசலில் நிறுத்துவது அவர்கள் விருப்பமாக இருக்க முடியாது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, பட்டியலினத்தவர் கோயிலுக்குள் நுழைவதையோ சமய ஊர்வலத்தில் கலந்துகொள்வதையோ தடுப்பது ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். கடமையைச் செய்யாமல் வேண்டுமென்றே ஒதுங்கும் அதிகாரிக்கும் தண்டனை உண்டு. புகார் கொடுக்கப் போகும்போது இதைத் தெரிந்துகொண்டு போங்கள். 'பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்று அமைதிக் கூட்டத்துக்கு அழைத்தால், பேசியதை எழுத்தில் கேளுங்கள்.

சட்டத்துக்கு வெளியேயும் ஒரு வேலை இருக்கிறது. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு இந்த ஆண்டு நோம்பிக்கு ஊருக்குப் போகும்போது, உங்கள் அப்பத்தாவிடமும் அம்மாயியிடமும் அம்மன் கதையைக் கேளுங்கள். அவர்கள் சொல்கிறபடியே செல்போனில் பதிவு செய்யுங்கள். அதில் பொய் சொன்னது யார், வெட்டுப்பட்டது யார், வெளியே நின்றது யார் என்று பாருங்கள். நம் வீட்டுக் கிழவிகள் சொல்லும் கதையில் அந்த இளைஞன் வேறு யாராகவோ இருக்கக்கூடும்.

ஜெய் பீம்.