ஒடுக்கமா, ஒலிபெருக்கி விழாவா?

எமது திருச்சபைகளின் இளையோர் ஒன்றியங்கள் வாரஇறுதியில் நடத்தும் தியான முகாம்கள் பற்றிய அறிக்கைகளை ஆண்டுக்கணக்காகத் திருத்தி அச்சுக்கு அனுப்பியவன் நான். இடமும் திகதியும் மாறும். "பெருந்தொகையான இளைஞர், யுவதிகள் கலந்துகொண்டு பயனடைந்தனர்" என்ற வாசகம் மட்டும் மாறாது. என்ன பயன் என்று எந்த அறிக்கையும் சொன்னதில்லை.

பழைய கத்தோலிக்கத் தமிழில் இதற்கு ஞான ஒடுக்கம் என்று பெயர். ஒடுங்குதல் என்றால் அடங்குதல், உள்நோக்கித் திரும்புதல். இன்று நடப்பது என்ன? வெள்ளி மாலை பதிவும் ரீசேட் விநியோகமும். சனி விடியலில் எழுப்பி இரவு பத்து மணிவரை உரைக்கு மேல் உரை. இடையிடையே கைதட்டிப் பாடல். பின்னர் விளக்கணைத்து, மெழுகுதிரி ஏற்றி, மெல்லிய இசையோடு பிள்ளைகளை அழவைக்கும் ஒரு மணிநேரம். எத்தனைபேர் அழுதார்கள் என்பதே வெற்றியின் அளவுகோல். பதினேழு வயதுப் பிள்ளையை நித்திரை கெடுத்து, இருட்டில் இருத்தி, தாயின் தியாகத்தைப் பற்றிப் பேசினால் அது அழத்தான் செய்யும். அதற்குத் தூய ஆவியாரைப் பொறுப்பாளியாக்குவது நியாயமல்ல.

மௌனம் இளைஞருக்குச் சலிப்பூட்டும், ஆட்டம் பாட்டு இல்லாவிட்டால் வரமாட்டார்கள் என்பது ஏற்பாட்டாளர்களின் வாதம். ஆட்டத்தோடு எனக்குப் பகையில்லை. முகாமின் மிக நேர்மையான பொழுது மாலைநேரக் கரப்பந்தாட்டம்தான் என்றுகூடச் சொல்வேன். ஆனால் மௌனம் இந்த மண்ணுக்கு அந்நியமானதா? 1928 இல் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபை மௌனத்தையும் உழைப்பையும் வாழ்வாக்கித்தானே தோன்றியது? 1939 இல் சுன்னாகத்தில் கிறிஸ்த சேவா ஆச்சிரமம் எழுந்ததும் இதே குடாநாட்டில்தான். இன்றைய தியானங்களுக்கெல்லாம் மூலமாகக் காட்டப்படுவது 1548 இல் உரோமை அங்கீகரித்த இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள். வழிநடத்துபவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஒதுங்கவேண்டும், பயிற்சி செய்பவர் தாமே கண்டடைவதுதான் சுவைக்கும் என்று அவர் அதன் தொடக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். எமது பேச்சாளர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிச் சென்றுவிட்டார்கள் போலும்.

எம்மாவு வழியில் நடந்த இருவரிடம் உயிர்த்த இயேசு முதலில் பிரசங்கம் செய்யவில்லை. எதைப்பற்றிப் பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் மனக்கசப்பைக் கொட்டித் தீர்க்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். எமது முகாம்களில் அந்தக் கேள்வி எப்போதாவது கேட்கப்படுகிறதா?

கேட்டால் என்ன வரும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அதனால்தான் கேட்பதில்லை. 2009 இல் காணாமற்போன தமையனுக்காக இன்னும் ஒரு கோப்பை எடுத்து வைக்கும் தாயைப் பற்றி ஒருவன் சொல்வான். 2022 இன் நெருக்கடிக்குப் பின் கடவுச்சீட்டைத் தவிர வேறெதையும் நம்பாதவன் அதைச் சொல்வான். மட்டக்களப்பில், 2019 உயிர்த்த ஞாயிறன்று சியோன் தேவாலயத்தில் மடிந்த பிள்ளைகளோடு ஒன்றாகப் படித்தவள், கடவுள் அன்று எங்கே இருந்தார் என்பாள். இன்னொருத்தி, ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள் கலியாணம் என்றதும் சாதி விசாரிப்பது ஏன் என்று கேட்பாள். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் முகாமுக்கு நிதி கொடுத்தவர்களின் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே "இலட்சியமுள்ள வாழ்வு" என்ற தலைப்பே பாதுகாப்பானது.

இளந்தொழிலாளர் இயக்கத்தைத் தொடக்கிய ஜோசப் கார்டைன் கற்பித்த முறை மூன்று படிகள் கொண்டது: பார், தீர்மானி, செயற்படு. 1961 இல் திருத்தந்தை 23 ஆம் அருளப்பரின் சுற்றுமடலும் அதை ஏற்றது. எமது முகாம்கள் முதற்படியிலேயே கண்ணை மூடச் சொல்கின்றன.

அடுத்த தவக்காலத்துக்கு நிகழ்ச்சிநிரல் தயாரிப்போரிடம் கேட்பது இதுதான். பேச்சாளர்களில் பாதிப்பேரைக் குறையுங்கள். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிநேரத்தை வெறுமையாக விடுங்கள். பிள்ளைகள் மரநிழலில் தனித்திருக்கட்டும், நித்திரை வந்தால் கொள்ளட்டும். ஞாயிறு மதியம் நன்றியுரையை நிறுத்திவிட்டுப் பங்குச் சபையினரை அழையுங்கள். அவர்கள் வாய்திறவாமல் அமர்ந்து, பிள்ளைகள் சொல்வதைக் குறிப்பெடுத்து, சபையின் அடுத்த கூட்டத்தில் முதலாவது விடயமாக எடுத்துக்கொள்ளட்டும், கோபுரத்துக்கு வர்ணம் பூசும் விடயத்துக்கு முன்னதாக.