மீட்டர் மாட்டும் மகராசன்கள்

டர்போ கார் வாங்கியாச்சா, அடுத்த வாரமே பூஸ்ட் கேஜ்! ராத்திரியில நீலமா எரியுமே, அது போதும்.

மாட்டுறதை ஒழுங்கா மாட்டினா என்னவாம்? பெட்ரோல் காரில் த்ராட்டிலுக்கு அப்புறம், இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வரும் குழாயில்தான் 'டி' இணைப்பு போடணும். அப்போதான் ஐடிலில் முள் பூஜ்யத்துக்குக் கீழே, சுமார் 18-20 அங்குல பாதரச அளவு வேக்குவம் காட்டும். இந்த மகராசன்களோ கைக்கு எட்டுதேன்னு வேஸ்ட்கேட்டுக்குப் போற குழாயை வெட்டுறாங்க. அது கழண்டா வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் எகிறும். (அந்த நேரம் பார்த்து முள்ளும் பொய் சொல்லும்!) கம்ப்யூட்டர் எரிபொருளை நிறுத்திக் காப்பாத்தினா உண்டு, இல்லேன்னா பிஸ்டன் காலி.

கேஜுக்கு ஆயிரக்கணக்கில் செலவு, நாலு கிளாம்ப்பில் மட்டும் சிக்கனம். எந்தக் கணக்குப் பதிவியலில் வருதோ இது!