செடிக்கு ஆய்வுகூடம், கொழுந்தெடுப்பவளுக்கு?

தலவாக்கலைச் சென் கூம்ஸ் தோட்டத்திலே அமைந்துள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதன் பணியைக் குறைத்துரைப்பது எம் நோக்கமன்று. இலைச்சுருட்டுப் புழுவை அடக்க 1930களில் யாவாவிலிருந்து சிறு குளவியைத் தருவித்தமை உலகறிந்த சாதனை. 1946 இல் கொப்புள நோய் புகுந்தபோது தேயிலையும் கோப்பியின் கதியை அடையாமற் காத்ததில் அதற்கும் பங்குண்டு. புழுவின் பிறப்பிறப்பும் மண்ணின் புளிப்பும் அங்கே நுணுகி அளக்கப்பட்டன.

ஆனால், கூடைப் பாரத்தைத் தலையிலே தாங்கிச் சரிவேறும் பெண்ணின் முதுகெலும்பை அந்நுணுக்கத்தோடு அளந்தோர் எத்தனை பேர்? விறகுப் புகை சூழ்ந்த லயத்தறையிற் குழந்தை இழுக்கும் மூச்சை? “அது மருத்துவர் வேலை, எமது வேலை செடி” என்பர். செடி தன்னைத் தானே கிள்ளிக்கொள்வதில்லையே! அந்நிலையத்தை வளர்த்தது ஏற்றுமதித் தேயிலைமீது அறவிட்ட தீர்வை. அத்தேயிலையோ அவள் விரல் கிள்ளியது.

கலைப்பீட மாணவனுக்கு அறிவியலில் என்ன வேலை என நகைப்போர் நகைக்கட்டும். தாயின் இருமலை எண்ணியபடி லயத்திலே உறங்கியவன் நான். பூச்சியியலுக்கும் மண்ணியலுக்கும் தனிப் பிரிவுகள் கொண்ட அந்நிலையத்திலே தொழிலாளர் உடல்நலத்துக்கும் ஒரு பிரிவு வேண்டும். அதன் முடிவுகள் பிரட்டுக்களத்திலே தமிழில் வாசிக்கப்படவும் வேண்டும்.