ஊரடங்கும் ஒரு மாத்திரையும்: ஹெச்.ஐ.வி.யுடன் வாழும் இளைஞர்களுக்கு என்ன நடந்தது?

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்ததும் பலர் மளிகைக் கடைக்கு ஓடினார்கள். ஹெச்.ஐ.வி.யுடன் வாழும் இளைஞர்களுக்கு முதல் கேள்வி வேறு: டப்பாவில் இன்னும் எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கு?

ஒரு வாரம் விட்டால் என்ன?

ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்து, ரத்தத்தில் வைரஸைக் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைக்கிறது. அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது. ஆனால் மாத்திரை நின்றால் வைரஸ் மறுபடி பெருகும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கே அடங்காத வகை உருவாகலாம். இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 முதல் இது அரசு மையங்களில் இலவசம். சென்னை தாம்பரம் மருத்துவமனையும் தொடக்க மையங்களில் ஒன்று. இலவசம்தான், ஆனால் மையத்துக்கு நேரில் போய் வாங்கணும். ஊரடங்கு மறித்தது அந்தப் பயணத்தைத்தான்.

தீவில் இருந்தால்?

தெற்கு அந்தமானின் சௌல்தாரி போன்ற ஊரை யோசித்துப் பாருங்கள். பெரிய அரசு மருத்துவமனை வேண்டுமென்றால், இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் போகணும். சென்னையிலிருந்து தீவுக்குக் கப்பலில் ஏறினால் சுமார் மூன்று நாள். 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் நாடு முழுக்க உள்நாட்டுப் பயணிகள் விமானங்களே ஓடவில்லை. படிக்கவோ வேலைக்கோ சென்னை வந்த தீவு இளைஞர் ஒருவர் அப்போது மாட்டிக்கொண்டிருந்தால், சிகிச்சைப் பதிவு ஓர் ஊரில், ஆள் வேறு ஊரில், நடுவில் கடல்.

அரசு என்ன செய்தது?

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோ, மூன்று மாத மருந்தை ஒரே தடவையில் கொடுக்கச் சொன்னது. வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடும் நடந்தது. பல இடங்களில் அதைச் செய்தவர்கள் ஹெச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். சீரான நிலையில் உள்ளவர்களுக்குப் பல மாத மருந்தை மொத்தமாகத் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே பரிந்துரைத்திருந்தது. அது பரவலாக நடைமுறைக்கு வர ஒரு பெருந்தொற்று தேவைப்பட்டது.

அப்புறம் என்ன பிரச்சினை?

வீடுதான் பிரச்சினை. இருபதுகளில் இருக்கும் பலர் தங்கள் நிலையை வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். ஹாஸ்டலிலும் பேச்சிலர் ரூமிலும் காப்பாற்றிய ரகசியத்தை, அம்மா அப்பாவோடு 24 மணி நேரமும் இருக்கும் வீட்டில் காப்பாற்றுவது கஷ்டம். மூன்று மாத டப்பாக்களை எங்கே ஒளிப்பது? கவுன்சலர் போன் பண்ணினால் எந்த அறையில் பேசுவது? வழியில் போலீஸ் நிறுத்தி “எங்கே போறே?” என்று கேட்டால், காட்டுவதற்கு இருப்பது சிகிச்சைப் பதிவுள்ள பச்சைப் புத்தகம். அதைக் காட்டுவதே எல்லாவற்றையும் சொல்லிவிடும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சின்ன ஊரில், வீடு தேடி வரும் பார்சலும் கேள்வியை எழுப்பும். வயதுவந்த பிள்ளைக்கு மாத்திரை எதுக்கு என்ற ஒரு கேள்வி போதும், சிலர் மாத்திரையையே விட்டுவிட.

சட்டம் என்ன சொல்கிறது?

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள ஹெச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. நீதிமன்ற உத்தரவு போன்ற விதிவிலக்குகள் உண்டு. வேலைக்குச் சேர ஹெச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்கவும் கூடாது. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் இதற்கான புகார் அதிகாரி இருக்கணும். உங்கள் அலுவலகத்தில் அது யார் என்று ஹெச்.ஆர்.-இடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது ஏன் பேச வேண்டும்?

ஊரடங்கு போனாலும் தட்டுப்பாடு போகவில்லை. 2022 ஜூலையில், மருந்து கிடைக்கவில்லை என்று ஹெச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் டெல்லியில் நாக்கோ அலுவலகத்தில் போராடினார்கள். கையிருப்பு இல்லாத மையத்தில் மூன்று மாத மருந்து என்பது வெறும் காகித உத்தரவு. தீவுகளில் கப்பலை நிறுத்த வைரஸ்கூட வேண்டாம், ஒரு புயல் போதும். எனவே மொத்தமாக மருந்து தருவது அவசர கால சலுகையாக இல்லாமல் வழக்கமாக இருக்க வேண்டும். மருந்தை வீட்டிலா, மையத்திலா, வேறு ஊரிலா, எங்கே வாங்குவது என்பதை வாங்குபவரே முடிவு செய்ய வேண்டும்.

சந்தேகமோ உதவியோ தேவைப்பட்டால் 1097-க்கு அழைக்கலாம். கட்டணம் இல்லை.