தலைசுத்தல் இல்லன்னா பிபி இல்லயா?

1/ நேத்து நைட் டூட்டி. மீன் விக்கிற அக்கா, ஐம்பது வயசு கூட ஆகல. வலது கை கால் விழுந்து, பேச்சு குழறி வந்தாங்க. பிபி 220/120. சிடி ஸ்கேன்ல மூளைக்குள்ள ரத்தக்கசிவு. மாத்திரையை நிறுத்தி மூணு மாசம். "தலைசுத்தல் நின்னுடுச்சு டாக்டர், அதான்"னாரு வீட்டுக்காரர்.

2/ பிபி ஏறினா தலை சுத்தும்னு யார் சொன்னது? பெரும்பாலும் ஒரு அறிகுறியும் இருக்காது. உலக சுகாதார நிறுவனக் கணக்குல, பிபி இருக்கிற 100 பேர்ல 40 பேருக்கு மேல அது இருக்கிறதே தெரியாது.

3/ சத்தமில்லாம மூளை, இதயம், கிட்னி, கண் நாலையும் அரிக்கும். "மாத்திரை போட்டா கிட்னி போயிடும்"னு பயப்படுறீங்க. கிட்னியைக் கெடுக்கிறது கட்டுப்படாத பிபிதாங்க.

4/ "ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்ல"ன்னு நாங்க டாக்டருங்க அலுத்துக்கிறோம். ஓபில ஆளுக்கு ரெண்டு நிமிஷம், அதே மாத்திரையை எழுதி சீட்டை நீட்டுறோம். நிறுத்தினா என்ன ஆகும்னு அந்த அக்காகிட்ட ஒருத்தராவது சொன்னோமா? இது எங்க தப்பும்தான்.

5/ புதுச்சேரி மக்களே, அரசு ஆஸ்பத்திரில பிபி பார்க்கக் காசு கிடையாது. 30 வயசு தாண்டினா வருஷம் ஒரு தடவை பாருங்க. அடுத்த முறை சீட்டு வாங்கும்போது கேளுங்க: "டாக்டர், இதை நிறுத்தினா என்ன ஆகும்?" பதில் வர்ற வரைக்கும் நகராதீங்க. பின்னாடி வரிசை கத்தினா கத்தட்டும்.